வால் நுனிக் கறுப்பு

தெற்குக் காற்று நான்காம் நாளும் அடங்கவில்லை. ஃபெர்கஸ் தன் மீன்படகுக்கு ரேரேவாக்காத் தீவின் சின்னக் குடாவில் இரண்டு நங்கூரம் போட்டுவிட்டு, ஒரு மூட்டை உருளைக்கிழங்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு வழுக்குப் பாறையில் ஏறி வந்தான். அப்போது ரோய்மாதாவின் கொட்டகையில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. காலையில் பொந்துகளிலிருந்து பிடித்த தொண்ணூறு தீத்திக் குஞ்சுகள் குவியலாகக் கிடந்தன. கடற்பறவைக் குஞ்சுதான் என்றாலும் ஒவ்வொன்றும் கொழுத்த கோழி கனம் இருக்கும். ரோய்மாதாவும் அவள் அண்ணன் தாமாத்தியும் இறகு பிடுங்கினார்கள். அவள் புருஷன் இஹாயா அடுப்பண்டை நின்று, பிடுங்கிய குஞ்சை உருகிய மெழுகில் முக்கிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மிச்சம் ஒட்டியிருந்த பூ இறகை மெழுகோடு சேர்த்து உரித்துக்கொண்டிருந்தான். கொட்டகை முழுக்கக் கொழுப்பு வாடை. ஊருக்குத் திரும்பி மாதக்கணக்கில் குளித்தாலும் போகாத வாடை அது.

“வாங்கண்ணே. கிழங்கு கொண்டாந்தீங்களா, வெறும் வாயைக் கொண்டாந்தீங்களா?” என்றாள் ரோய்மாதா.

“ரெண்டும் இருக்கு தங்கச்சி. கிழங்கு உனக்கு. வாய்க்கு ஒரு டீ குடு.”

“குடுக்கிறேன். உக்காந்து ரெண்டு குஞ்சு பிடுங்குங்க. இங்க சும்மா உக்கார்றவங்களுக்கு டீ கிடையாது.”

ஃபெர்கஸ் சிரித்துக்கொண்டே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். அறுபது வயது. கோடையில் கடலில் மீன், குளிர்காலத்தில் பெருந்தீவின் காட்டுப் பள்ளத்தாக்குகளில் பொறி வைக்கும் வேலை. நடுவில் நேரம் கிடைத்தால் மான் வேட்டை. அவன் வாயைத் திறந்தால் கதைக்குப் பஞ்சமில்லை.

இஹாயா அவனுக்கு ஒரு தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டான். வழக்கமாக ஆட்டிறைச்சி ஆலைக் கதை, ரக்பிக் கதை என்று வாய் ஓயாதவன் அன்று காலையிலிருந்து ஊமையாகிவிட்டான்.

“என்ன மாப்ளே, வாயிலயும் மெழுகை ஊத்திக்கிட்டியா?” என்று தாமாத்தி இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

சொல்கிற விஷயமாக இருந்தால் அல்லவா சொல்வான்! விடிந்ததும் இஹாயா, மனைவி வீட்டாரின் நிலப் பங்கின் மேற்கு ஓரத்தில் குப்புறப் படுத்து, ஒரு பொந்துக்குள் தோள்வரை கையை விட்டான். ஒரு பொந்துக்கு ஒரு குஞ்சுதான். கை பட்டதும் கதகதப்பாக இருக்கும், கடிக்கும், கொழுப்பைக் கக்கும். இன்று சில்லென்றிருந்தது. இழுத்தான்; செத்த குஞ்சு. ஏதோ சீக்கு என்று அதை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி கைவிட்டான். இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஏழு குஞ்சுகள், ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எதையும் தின்றிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பின்மண்டையில் ஊசி இறக்கினாற்போல் இரண்டு துளை.

ஏழையும் உள்ளே தள்ளினான். குஞ்சை எட்டிப் பிடிக்கப் பொந்தின் மேல் வெட்டிய துளையை வெட்டிய மண்கட்டியாலேயே மூடுவது இங்கே வழக்கம். மூடாவிட்டால் மழைத்தண்ணீர் இறங்கி மறுவருஷம் அந்தப் பொந்துக்குப் பறவை வராது. இஹாயா இத்தனை வருஷத்தில் எந்தப் பொந்தையும் இவ்வளவு கவனமாக மூடியதில்லை.

அவனுக்குக் காரணம் தெரியும். தெரியும் என்று நினைத்தான். தீவுக்கு வருகிற ஒவ்வொரு பெட்டியையும் ஏற்றுவதற்கு முன் ஊரிலேயே வெள்ளைத் துணி விரித்துக் கவிழ்த்து, ஒவ்வொரு சாமானாக உதறிப் பார்த்து, திரும்ப அடுக்கி ஆணியடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு சினை எலி ஏறிவிட்டால் தீவு முடிந்தது. இந்த வருஷம் ஹெலிகாப்டர் ஒரு நாள் முன்னதாக வருகிறது என்று தகவல் வந்தபோது இஹாயா ஆலையில் இரவு வேலை முடித்துத் தூங்கிவழிந்துகொண்டிருந்தான். ஐந்து பெட்டி உதறினான். ஆறாவது, கம்பளிப் பெட்டி. வருஷம் முழுக்க வைக்கோல் கொட்டகையில் கிடந்தது. கம்பளியில் என்ன இருக்கப்போகிறது என்று அதைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டான்.

தீவில் இறங்கிய முதல் நாள், அந்தப் பெட்டிக்குப் பின்னாலிருந்து பழுப்பாக, நீளமாக ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு சுவரோரம் ஓடி மறைந்தது. எலி என்றே நினைத்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. திருட்டுத்தனமாகப் பன்னிரண்டு எலிப் பொறி வைத்தான், கடலை வெண்ணெய் தடவி. பதினெட்டு நாளாக ஒன்றில்கூட நாக்குப் பட்ட தடம் இல்லை. குளிரில் செத்துத் தொலைந்திருக்கும் என்று மெல்ல மெல்ல நிம்மதி வந்துகொண்டிருந்தபோதுதான் இந்த ஏழு.

இதில் இன்னொரு சங்கடம். இந்தப் பங்கு ரோய்மாதாவின் தாய்வழி உரிமை. இஹாயா இருபத்திரண்டு வருஷமாக ஏப்ரலும் மேயும் இங்கே முதுகொடிய வேலை செய்தாலும், அனுமதிச் சீட்டில் அவன் ‘இன்னாருடைய கணவர்’தான். வீட்டோடு மாப்பிள்ளை என்று தாமாத்தி கேலி செய்வதில் உண்மை இல்லாமல் இல்லை.

கொட்டகையில் பேச்சு பன்றி வேட்டைக்குப் போயிருந்தது.

“கோரைப்பல்லு ஒரு முழம் இருக்கும்ணே,” என்றான் தாமாத்தி. “என்னைப் பார்த்துச்சு. நான் அதைப் பார்த்தேன். நான் அசையல.”

“பயத்துல அசைய முடியலன்னு சொல்லு,” என்றாள் ரோய்மாதா.

“நீ சும்மா இருடி. அது பாய்ஞ்சுச்சு. நானும் பாய்ஞ்சேன்.”

“அது மேலயா?”

“மரத்து மேல.”

ஃபெர்கஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அவன் கையிலிருந்த இறகு டீயில் விழுந்தது. “பன்னி பரவாயில்லப்பா. பெருசா இருக்கும், வர்றது தெரியும். என்னைத் துணியில்லாம ஓட விட்டது எது தெரியுமா? இந்தா, இவ்வளவுதான் இருக்கும்.” முழங்கையிலிருந்து விரல் நுனிவரை காட்டினான். “வீசல் சாதி, கீரி மாதிரி ஒண்ணு.”

“துணியில்லாமயா?”

“பொறில ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. செத்துடுச்சுன்னு நான் நினைச்சேன். கோட்டுப் பையில போட்டுக்கிட்டு வந்தா, வழியில அதுக்கு உசிரு திரும்பிடுச்சு. சட்டைக்குள்ள பூந்து முதுகுல ஓடுது, வயித்துல ஓடுது, இடுப்புக்குக் கீழயும் இறங்குது. எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுட்டு ரோட்டுல குதிக்கிறேன். அந்த நேரம் பார்த்து சர்ச்சுப் பொம்பளைங்க ஒரு வேன் நிறைய வராங்க.”

ரோய்மாதா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. “நிறுத்தினாங்களா?”

“எங்க நிறுத்தினாங்க? மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனாங்க.”

இஹாயாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நாளில் அவன் சிரித்தது அது ஒரு தடவைதான்.

“இதுல ரெண்டு வகை உண்டு,” என்று ஃபெர்கஸ் கதையை விட்டு விவரத்துக்கு இறங்கினான். “வீசல்னா குட்டையா இருக்கும், வாலும் சின்னது. வால் நீளமா, நுனியில தார் தொட்ட மாதிரி கறுப்பா இருந்தா அது ஸ்டோட். இவனுக்கு அண்ணன். கீரி ஓடுற மாதிரி முதுகை வளைச்சு ஓடும். தன்னைப்போல நாலு மடங்கு முயலைக் கொன்னு இழுத்துட்டுப் போவான். நான் கண்ணால பார்த்தது சொல்றேன். புல்வெளியில நூறு முயல் மேயுது. இவன் ஒரு முயலைக் குறிச்சுட்டான்னா மத்த தொண்ணூத்தொம்பதையும் திரும்பிப் பார்க்க மாட்டான். அந்த முயலுக்கும் தெரிஞ்சுபோயிடும். கொஞ்ச தூரம் ஓடும். அப்புறம் அப்படியே உக்காந்து வீறிடும், பச்சப்புள்ள மாதிரி.”

“எங்க கடிக்கும்?” என்று கேட்டான் இஹாயா. காலையிலிருந்து அவன் பேசிய முதல் முழு வாக்கியம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பின்மண்டையில. ரெண்டே பல்லு. ரத்தம்கூடத் தெரியாது. பசிக்குக் கொல்றதில்ல தம்பி அது. கண்ணு முன்னாடி ஒண்ணு அசையுற வரைக்கும் கொல்லும். கொன்னுட்டு, பொறுப்பான குடித்தனக்காரி மாதிரி எல்லாத்தையும் ஒரு பொந்துல அடுக்கி வைக்கும்.”

இஹாயாவின் கையிலிருந்த குஞ்சு நழுவி மெழுகு அண்டாவில் தொப்பென்று விழுந்தது. கொதிக்கும் மெழுகு மணிக்கட்டில் தெறித்து வெள்ளையாக உறைந்தது. அவனுக்குச் சுரணை இல்லை. சுவரோரம் வழுக்கிப் போன அந்தப் பழுப்பு உடம்பு கண்முன் ஓடியது. முதுகு வளைந்து வளைந்து போனது. வால் நுனி? கறுப்புத்தான். அன்றைக்கு அதை நிழல் என்று நினைத்திருந்தான்.

“யோவ், கையைப் பாரு!” என்று கத்தினாள் ரோய்மாதா.

“ஒண்ணுமில்ல.” அவன் குரல் அவனுக்கே யாருடையதோ போலிருந்தது. “அது எலிப் பொறில விழுமாண்ணே? கடலை வெண்ணெய் வச்சா?”

“கடலை வெண்ணெயை நீ ரொட்டில தடவித் தின்னு. அதுக்கு முட்டை வைக்கணும். இல்ல, முயல் கறி.”

“சரி. ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன். ஒண்ணே ஒண்ணு ஒரு இடத்துல போய் மாட்டிக்கிச்சு. ஜோடி இல்ல. ரெண்டு மூணு வருஷத்துல கிழடாகித் தானா செத்துடும்ல?”

“ஆணா இருந்தா செத்துடும்.”

“பொண்ணா இருந்தா?”

ஃபெர்கஸ் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். “பொண்ணு ஸ்டோட்டு தனியா எங்கயும் போறதில்ல தம்பி. வசந்தத்துல, செப்டம்பர் அக்டோபர்ல, கூட்டுல குட்டி போட்டிருப்பா. குட்டிங்களுக்குக் கண்ணு திறந்திருக்காது, பல்லும் இருக்காது. அந்த நேரத்துல கடுவன் ஒருத்தன் கூட்டுக்கு வருவான். ஆத்தாளையும் விடமாட்டான், பொட்டைக் குட்டிங்களையும் விடமாட்டான். குட்டி உலகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதோட வயித்துல கரு ஏறிடும். அந்தக் கரு பத்து மாசம் உள்ள தூங்கும். அடுத்த வசந்தத்துல முழிச்சு வளரும். அப்ப எட்டு போடுவா, பத்து போடுவா. எந்த மாசத்துல, எந்த இடத்துல ஒரு பொட்டையப் பார்த்தாலும் அது வயித்துல ஒரு குடும்பம் இருக்குன்னு வச்சுக்க.”

“சீ! என்ன ஜென்மம்டா அது!” என்றாள் ரோய்மாதா. தாமாத்திகூடப் பிடுங்குவதை நிறுத்திவிட்டான்.

இஹாயா கையைக்கூடத் துடைக்காமல் வெளியே போனான்.

ரோய்மாதா பின்னாலேயே வந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், காற்று படாத மூலையில் அவன் குந்தியிருந்தான்.

“என்னய்யா? நெஞ்சு வலிக்குதா?”

அவன் சொன்னான். பெட்டி, கையெழுத்து, பொறி, ஏழு குஞ்சு. ஒன்றும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அடித்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. சரிவு முழுக்கப் பல்லாயிரம் பொந்து கிடக்கும் அந்தப் புல்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினெட்டு நாளு,” என்றாள் கடைசியில். “பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்க.”

“எலின்னு நினைச்சேன்.”

“எலின்னா மட்டும் மறைக்கலாமா?”

ரோய்மாதா திரும்பி உள்ளே போய் மற்ற இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டாள்.

தாமாத்தி இறகும் கொழுப்புமாக வெளியே வந்தான். கேலி பேசுகிற முகம் அடையாளம் தெரியவில்லை. “என் பாட்டன் பூட்டன் நடந்த மண்ணுடா இது. நாங்க உன்னை உள்ள விட்டோம். நீ அதைக் கொண்டாந்து உள்ள விட்டியா?”

“மச்சான்…”

“மச்சான்னு கூப்பிடாத!”

ஃபெர்கஸ்தான் நடுவில் வந்தான். “சண்டையை அப்புறம் போடுங்க. படகுல எட்டுப் பொறி கிடக்கு. முட்டையும் இருக்கு. இன்னிக்கே வைக்கலாம். ஆனா எட்டு போதாது. ஆள் வேணும், நாய் வேணும், தீவு முழுக்க வைக்கணும். அதுக்கு எல்லார்க்கும் சொல்லித்தான் ஆகணும்.”

“சொன்னா நாளைக்கே அஞ்சு வீட்டையும் தீவை விட்டு இறக்கிடுவாங்க,” என்றான் தாமாத்தி. “சீசன் பாதிகூட முடியல. பொறியை நாமளே வைப்போம். மே முடியட்டும், ஊருக்குப் போய்ச் சொல்லிக்குவோம். அந்தப் பொட்டைக்கு வசந்தத்துலதானே குட்டி? நாள் இருக்குல்ல?”

அது நியாயம்தான் என்று இஹாயாவுக்கு ஒரு கணம் தோன்றியது. மே முடியும்வரை. அதுவரை யாருக்கும் தெரியாது. அதுவரை அவன் இந்த வீட்டின் மனிதன். அப்படி நினைத்ததற்காக அவனுக்குத் தன்மேலேயே குமட்டியது.

“குளிர் இறங்கிட்டா பிடிக்க முடியாதுண்ணே, அப்படித்தானே?” என்று ரோய்மாதா ஃபெர்கஸைக் கேட்டாள்.

“ஆள் இருக்கிறப்பவே கஷ்டம். ஆள் இறங்கிட்டா தீவு அவளுக்குத்தான்.”

“அப்ப ஆறு மணிக்குச் சொல்லிடுவோம்.”

தீவின் ஐந்து வீடுகளும் தினமும் மாலை ஆறு மணிக்கு ரேடியோவில் பேசிக்கொள்ளும். இன்றைக்கு எத்தனை குஞ்சு, காற்று எப்படி, யாருக்கு மாவு தீர்ந்தது, யார் வழுக்கி விழுந்தார்கள் என்று எல்லாம் அதில்தான். வீட்டுக்கு உரிமைக்காரர் மட்டுமே பேசலாம். வடக்கு வீட்டு ஹோரியானா அத்தை ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். தீவுக் கமிட்டித் தலைவி அவள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாவுப் பையில் எலிப்புழுக்கை ஒன்றைப் பார்த்து, ஒரு குடும்பத்தையே வந்த ஹெலிகாப்டரில் திருப்பி அனுப்பியவள். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு வரவே இல்லை. அவள் பெயரைக் கேட்டாலே பெட்டிகள் தானாகத் திறந்துகொள்ளும் என்பார்கள்.

ஆறு மணிவரை அவர்கள் மிச்சக் குஞ்சுகளைப் பிடுங்கினார்கள். செத்ததைக் கெடவிட முடியுமா? அடுப்பில் குஞ்சும் கிழங்கும் வெந்தது. யாரும் தட்டு எடுக்கவில்லை. ஃபெர்கஸ் மட்டும் பாவம், பசி தாங்காமல் இரண்டு கிழங்கை நின்றபடியே தின்றான்.

“மேற்கு வீடு,” என்று கூப்பிட்டது ஹோரியானா அத்தையின் குரல். “ரோய்மாதா, எத்தனை இன்னிக்கு?”

ரோய்மாதா ஒலிவாங்கியை எடுத்தாள். இஹாயா கையை நீட்டினான். “நான்தான் சொல்லணும். நான் செஞ்சது.”

“உனக்கு இதுல பேச்சு கிடையாது,” என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பித்தானை அழுத்தினாள்.

“அத்தை, எல்லாரும் கேளுங்க. எங்க வீட்டுப் பெட்டி ஒண்ணை உதறாம கொண்டாந்துட்டோம். அதுலேர்ந்து ஸ்டோட் ஒண்ணு இறங்கியிருக்கு. எங்க பங்குல ஏழு குஞ்சைக் கொன்னு அடுக்கி வச்சிருக்கு. தப்பு எங்க வீட்டுது. கமிட்டி என்ன சொன்னாலும் கட்டுப்படுறோம்.”

‘எங்க வீட்டுது’ என்றாள். அவன் பெயரைச் சொல்லவில்லை. இஹாயா சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ரேடியோ கரகரத்தது. கிழக்கு வீட்டிலிருந்து ஒரு ஆண் குரல், “கடவுளே!” என்றது. தெற்கு வீட்டில் யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தது பாதியில் அறுந்தது. பிறகு வெறும் இரைச்சல். இடி விழப்போகிறது என்று நாலு பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரோய்மாதா.” ஹோரியானா அத்தைதான். ஆனால் அந்தக் குரலில் இருந்த இரும்பைக் காணோம். “உன் பெட்டியில வந்ததில்லம்மா அது.”

“அத்தை?”

“போன வருஷம் மே கடைசியில, கிளம்புற அன்னிக்கு, என் விறகு அடுக்குல ஒண்ணைப் பார்த்தேன். என் மாவுப் பெட்டியிலதான் வந்திருக்கணும். ரூல் போட்டவளே நான். ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பினவளும் நான். எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்றது? ஒண்ணுதானே, ஜோடி இல்லாம என்ன பண்ணிடும்னு விட்டுட்டேன்.”

தன் பெட்டி இல்லை. ஒரு மூச்சு நேரம் இஹாயாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அடுத்த மூச்சில் போன வருஷம் என்ற சொல் உறைத்தது. மே மாதம் பார்த்தது. நடுவில் ஒரு வசந்தம் போயிருக்கிறது. அவன் ஃபெர்கஸைப் பார்த்தான். ஃபெர்கஸ் மென்றுகொண்டிருந்த கிழங்கை விழுங்க முடியாமல் நின்றான்.

ரோய்மாதா பித்தானை அழுத்தினாள். “அத்தை, அதுக்கப்புறம் நீங்க பார்க்கலையா? ஜனவரில தண்ணித்தொட்டி ரிப்பேர்னு வந்தீங்களே.”

அவள் மறுபடி கேட்டாள்.

“பார்த்தேன்.”

“எத்தனை அத்தை?”

“எண்ணலடி,” என்றாள் ஹோரியானா அத்தை. “ஆத்தா முன்னாடி போச்சு. அது வாலைப் பிடிச்ச மாதிரி ஒண்ணு, அது பின்னாடி ஒண்ணுன்னு முற்றத்துல போய்க்கிட்டே இருந்துச்சு. நான் கதவைச் சாத்திக்கிட்டேன்.”